வீட்டுச் சுவருக்கு ஊதா நிறம்: ஷேடு தேர்விலிருந்து கடைசிக் கோட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஷேடு கார்டில் மென்மையாகத் தெரிந்த ஊதா, நான்கு சுவரிலும் ஏறிய பிறகு கண்ணைக் குத்துகிறது. அல்லது பகலெல்லாம் அழகாக இருந்துவிட்டு, விளக்கைப் போட்டதும் வெளுத்த சாம்பலாக மாறிவிடுகிறது. ஊதா அடித்தவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் பெயின்ட்டைக் குற்றம் சொல்ல முடியாது, பெயின்டரையும் சொல்ல முடியாது. அறையின் வெளிச்சம் மாறினால் ஊதாவும் மாறும். அந்த அளவுக்கு வெளிச்சத்தை நம்பியிருக்கும் நிறங்கள் குறைவு.

அதனால் ஊதாவைக் கடையில் நின்று முடிவு செய்யாதீர்கள். எந்த அறையில் அடிக்கப் போகிறீர்களோ அந்த அறையில், எந்த நேரத்தில் அங்கே அதிகம் புழங்குவீர்களோ அந்த நேரத்தில் முடிவு செய்யுங்கள். கீழே வரும் படிகள் எல்லாமே அதைச் செய்வதற்கான வழிகள்தான்.

ஊதா ஏன் இப்படி மாறுகிறது

வெள்ளை ஒளியை ஒரு பட்டகத்தின் வழியே விட்டால் ஒரு முனையில் சிவப்பும் மறுமுனையில் வயலட்டும் விழும். சுவரில் நாம் அடிக்கும் ஊதாக்கள் பெரும்பாலும் அந்த வரிசையில் இல்லாதவை. அந்தச் சுவர் சிவப்பையும் நீலத்தையும் திருப்பி அனுப்புகிறது, நடுவில் உள்ள பச்சையை விழுங்கிவிடுகிறது. ஒளிப்பட்டையின் இரண்டு ஓரங்களிலிருந்து வரும் வெளிச்சத்தை நம் கண்ணும் மூளையும் சேர்த்து ‘ஊதா’ என்று உணர்கின்றன.

ஆகவே அறைக்குள் வரும் ஒளியில் எந்த ஓரம் குறைந்தாலும் நிறத்தின் சமநிலை கலைந்துவிடும். மேகமூட்டமான பகலிலும், வெயில் நேரடியாக விழாத ஜன்னல் உள்ள அறையிலும் வானத்து நீல ஒளி கூடுதல். அங்கே ஊதா நீலத்தை நோக்கி நகரும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலம் மிகக் குறைவு. அங்கே அதே சுவர் சிவந்து, சில சமயம் பழுப்பாகவே தெரியும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் மறுபடியும் நீலம் தூக்கும்.

எல்இடி விளக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. தரம் குறைந்த எல்இடிகளில் அடர்சிவப்பு ஒளி போதுமான அளவு இருப்பதில்லை. அந்த வெளிச்சத்தில் ஊதா உயிரற்ற நீலச்சாம்பலாகத் தெரியும். விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, 100 உச்சம். ஊதா அறைக்கு 90க்குக் குறையாத விளக்கு வாங்குங்கள். ஆர்9 என்ற எண்ணும் தனியாகக் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். அடர்சிவப்பை அந்த விளக்கு எப்படிக் காட்டும் என்பதை அதுதான் சொல்லும். சில அறைகளில் சுவரைத் தொடவே வேண்டாம், விளக்கை மாற்றினாலே பழைய ஊதா உயிர்பெற்றுவிடும்.

அந்தி நேரத்துக்கும் ஒரு குணம் உண்டு. வெளிச்சம் மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருண்டுபோகும், நீலம் இன்னும் சற்று நேரம் துலங்கும். செக் நாட்டு உடலியங்கியல் அறிஞர் யான் பூர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னது இது. சிவப்புச் சாய்வுள்ள ஆழ்ந்த ஊதாவை அரையிருட்டில் உட்காரும் அறையில் அடித்தால் அது கறுப்பாகத் தோன்றுவது இதனால்தான்.

முதல் படி: அறையின் வெளிச்சத்தைக் கணக்கெடுங்கள்

ஷேடு கார்டை வாங்குவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் வெயில் எப்போது நேரடியாக விழுகிறது, எந்தச் சுவரில் விழுகிறது, எந்தச் சுவர் எப்போதும் நிழலிலேயே இருக்கிறது என்று எழுதுங்கள். ஜன்னல் இருக்கும் சுவர் பகலில் மற்ற சுவர்களைவிட இருண்டு தெரியும். வெளிச்சம் அதன் மேல் விழுவதில்லை, அதன் வழியாக உள்ளே வருகிறது, அவ்வளவுதான். அடர்ந்த ஊதாவை அந்தச் சுவருக்குக் கொடுத்தால் ஜன்னலின் ஒளிக்கும் சுவரின் இருளுக்கும் இடையே கண் திணறும். ஜன்னலுக்கு எதிரே அல்லது பக்கவாட்டில் உள்ள சுவர்தான் அடர்நிறத்துக்குப் பொருத்தமானது.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மரங்கள் அடர்ந்திருந்தால் பச்சை கலந்த ஒளி உள்ளே வரும். பச்சை ஒளி ஊதாவின் உயிரைக் குறைத்துச் சாம்பலாக்கும். எதிர்வீட்டுச் சுவர் செங்கல் நிறமாக இருந்தால், அதில் பட்டு வரும் ஒளியிலேயே சிவப்புச் சாய்வு இருக்கும்.

கடைசியாக, அந்த அறையை எப்போது பயன்படுத்துகிறீர்கள் என்பது. படுக்கையறையைப் பகலில் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்றால் பகல் வெளிச்சத்தில் ஷேடு தேடுவதில் பொருளில்லை.

இரண்டாம் படி: எந்தப் பக்கம் சாய்ந்த ஊதா?

ஊதா என்று ஒன்றாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. நீலம் சாய்ந்தவை: வயலட், இண்டிகோவை ஒட்டியவை, நீலம் கலந்த லாவெண்டர். சிவப்பு சாய்ந்தவை: மோவ், பிளம், மெஜந்தாவை நெருங்குபவை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை மூன்றாம் குடும்பம். கத்தரிப்பூ நிறம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இங்கேதான் வரும்.

வெயில் படாத, குளிர்ந்த நீல ஒளி வரும் அறையில் நீலச் சாய்வு ஊதாவை அடித்தால் அறை இன்னும் குளிர்ந்து, ஒட்டாத தோற்றம் தரும். அங்கே சிவப்புச் சாய்வைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். மாலை வெயில் கொட்டும் அறைக்கும், மஞ்சள் விளக்கில் மட்டுமே பயன்படும் அறைக்கும் நேர்மாறாக, நீலச் சாய்வு ஊதாதான் கைகொடுக்கும். மஞ்சள் ஒளியில் சிவப்புச் சாய்வு ஊதா பழுப்பில் போய் நிற்கும்.

சாய்வைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஷேடு கார்டில் ஒரே வரிசையில் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை ஐந்தாறு கட்டங்கள் இருக்கும். நீங்கள் விரும்பும் வெளிறிய கட்டத்தின் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. அந்த வரிசையின் மிக அடர்ந்த கட்டத்தைப் பாருங்கள், உண்மை அங்கே தெரிந்துவிடும். பிறகு தூய வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் இரண்டு மூன்று வேறு ஊதாக்களை அருகருகே வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் நடுநிலையாகத் தெரிந்தது, பக்கத்தில் இன்னொன்று வந்ததும் தன் சாய்வைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: சாம்பலைக் கூட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கைகாட்டுவேன்.

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் நிறங்களை அளக்க ஒரு முறை வகுத்தார். எந்த நிறமானாலும் அதற்கு மூன்று அளவுகள் உண்டு என்பது அதன் அடிப்படை: என்ன நிறம், எவ்வளவு வெளிச்சமானது, எவ்வளவு தூய்மையானது. அவருடைய ஐந்து முதன்மை நிறங்களில் ஊதாவும் ஒன்று. கடையில் நாம் முதல் இரண்டைத்தான் பார்க்கிறோம். ‘லைட் ஊதா வேண்டும்’, ‘டார்க் ஊதா வேண்டும்’ என்று கேட்கிறோம். சுவரில் ஏறியதும் தொல்லை கொடுப்பது மூன்றாவது, அதாவது அந்த நிறத்தின் தூய்மை.

சிறிய கட்டத்தில் அடக்கமாகத் தெரிவது நான்கு சுவரில் ஏன் கத்துகிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சுவரில் பட்ட ஒளி ஊதாவாகி எதிர்ச்சுவரில் விழுகிறது. அந்தச் சுவர் அதை இன்னும் ஊதாவாக்கித் திருப்பி அனுப்புகிறது. மூலைகளில் கவனித்தால் நிறம் கூடுதல் அழுத்தமாக இருப்பது தெரியும். ஆகவே அறை முழுவதும் அடிப்பதாக இருந்தால், கார்டில் உங்கள் கண் முதலில் விரும்பியதைவிட ஒன்றிரண்டு படி சாம்பல் கூடிய ஷேடை எடுங்கள். கார்டில் அது ‘இது ஊதாவா, சாம்பலா’ என்று சந்தேகம் தரும் அளவுக்கு மங்கலாக இருக்கும். பயப்பட வேண்டாம், சுவரில் அது ஊதாவாகவே இருக்கும். கார்டில் தெளிவான ஊதாவாக இருப்பதை ஒரே ஒரு சுவருக்கோ அலமாரியின் உட்புறத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்ச அளவைக் குறிக்க எல்ஆர்வி என்ற எண் கார்டின் பின்புறத்திலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ இருக்கும். சுவர் எத்தனை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பது அது. தோராயமாகச் சொன்னால், வெளிறிய லாவெண்டர்கள் 60ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். நடுத்தர ஊதாக்கள் 20க்கும் 40க்கும் இடையே. ஆழ்ந்தவை 10க்கும் கீழே. எண் பாதியானால் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒளியும் பாதியாகும், விளக்குகளின் எண்ணிக்கையையும் அதற்கேற்ப யோசிக்க வேண்டும்.

சிறிய அறைக்கு அடர்நிறம் ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்கெனவே வெளிச்சம் குறைந்த சிறிய அறையில் வெளிறிய லாவெண்டர் அடித்தால் அது அழுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். அந்த அறையை ஆழ்ந்த ஊதாவாக்கி, இரண்டு மூன்று இடங்களில் நல்ல விளக்கு வைத்தால் மூலைகள் இருளில் கரைந்து அறை பெரிதாகவே தோன்றும்.

நான்காம் படி: மாற்ற முடியாதவற்றோடு பொருத்துங்கள்

தரை, கதவு, ஜன்னல் சட்டம், பெரிய மரச்சாமான்கள் ஆகியவற்றைப் பெயின்ட்டுக்காக யாரும் மாற்றுவதில்லை. ஆகவே ஊதாதான் அவற்றுக்கு இணங்க வேண்டும்.

ஒரு நிறத்தைப் பக்கத்து நிறம் எவ்வளவு மாற்றும் என்பதைத் தெளிவாகச் சொன்னவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரூல். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். நீல, வயலட் துணிமடிப்புகளின் நிழலுக்குப் பயன்படுத்திய கறுப்பு நூல் எடுபடவில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நீலமும் வயலட்டும்தான் கறுப்பை வெளுப்பாகக் காட்டியிருந்தன. 1839இல் அந்த ஆராய்ச்சியை அவர் விரிவாக வெளியிட்டார்.

உங்கள் அறையிலும் இதுவே நடக்கும். ஊதாவுக்கு எதிர்நிறம் மஞ்சளும் மஞ்சள் கலந்த பச்சையும். தேன்நிற, ஆரஞ்சுச் சாயல் மரத்தின் அருகே ஊதா கூடுதல் நீலமாகவும் அழுத்தமாகவும் தெரியும், மரமும் தன் பங்குக்கு இன்னும் மஞ்சளாகும். அங்கே சாம்பல் கூடிய, சற்றே சிவப்பு சாய்ந்த ஊதா சண்டை போடாது. கரும்பழுப்பு மரத்துக்கு வெளிறிய ஊதாக்கள் எல்லாமே ஒத்துப்போகும். சாம்பல்நிறத் தரையில் அடிக்கடி ஒரு பச்சை அல்லது நீலச் சாய்வு மறைந்திருக்கும். ஷேடு கார்டைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்தால்தான் அது வெளிப்படும். பச்சைச் சாய்வுள்ள தரை என்றால் கவனம் தேவை, ஊதா அந்தப் பச்சையைத் தூக்கிக் காட்டிவிடும்.

திரைச்சீலை, மெத்தை விரிப்பு போன்றவற்றைச் சுவரோடு அச்சாகப் பொருத்த முயல வேண்டாம். துணியின் சாயமும் சுவரின் நிறமியும் வேறு வேறு. கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தவை வீட்டு விளக்கில் பிரிந்து நிற்கும். ஒரே நிறத்தில் சிறிய வேறுபாடு தவறு போலத் தெரியும். நன்றாகத் தெரியும் வேறுபாடு திட்டமிட்டதாகத் தெரியும். சுவரைவிடத் தெளிவாக அடர்ந்த துணியோ தெளிவாக வெளிறிய துணியோ எடுங்கள்.

ஐந்தாம் படி: அட்டையில் அடித்துப் பாருங்கள்

கைபேசித் திரையில் பார்த்து ஊதாவை முடிவு செய்யக்கூடாது. திரை தானே ஒளி வீசுகிறது, சுவர் மேலே விழுந்த ஒளியைத் திருப்புகிறது. போதாக்குறைக்குக் கேமராக்கள் ஊதாவைப் பெரும்பாலும் நீலமாக்கிவிடும். இணையத்தில் பார்த்த அறையின் படத்தை ஒரு திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஷேடுகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் சிறிய சாம்பிள் வாங்கி, குறைந்தது ஏ3 அளவுள்ள வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக விடுங்கள். சுவரிலேயே நேரடியாகப் பட்டை பட்டையாக அடித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த முறையல்ல. பழைய சுவரின் நிறம் ஒவ்வொரு பட்டையையும் திரித்துக் காட்டும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள பட்டைகள் ஒன்றையொன்று மாற்றும். பிறகு அந்தத் தடிப்பு கடைசிக் கோட்டிலும் தெரியும். அட்டை என்றால் ஜன்னல் பக்கம், மூலை, கதவருகே, தரையை ஒட்டி என்று எங்கும் நகர்த்தலாம்.

அடித்த உடனே பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பால் கலந்தது போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் அடர்ந்துவிடும். ஆழ்ந்த ஊதாவில் இந்த வேறுபாடு பெரிது. ஒரு நாள் காயவிடுங்கள்.

காய்ந்த பிறகு அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனியாக வையுங்கள். காலை, நண்பகல், அந்தி, இரவில் விளக்கொளி என்று நான்கு வேளையும் பாருங்கள். மழைநாளும் வெயில்நாளும் அமைந்தால் நல்லது. அட்டையைக் கையில் பிடித்துப் பார்க்காமல், சுவரில் செங்குத்தாக ஒட்டிவிட்டு அறைக்கு வெளியே போய், திரும்ப உள்ளே நுழையும்போது பாருங்கள். ஒரே நிறத்தைச் சில நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அதற்குப் பழகி நிறத்தின் வேகத்தைக் குறைத்துக் காட்டும். நுழையும் கணத்தில் தெரிவதுதான் அறையின் நிறம்.

நான்கு வேளையும் ஒரே மாதிரி இருக்கும் ஊதாவைத் தேட வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது. நீங்கள் அறையில் இருக்கும் நேரத்தில் மனத்துக்குப் பிடிக்க வேண்டும், மற்ற நேரத்தில் உறுத்தாமல் இருக்க வேண்டும். அதுபோதும்.

அறைக்கு அறை

படுக்கையறைக்குச் சாம்பல் கலந்த லாவெண்டரும் மோவும் இயல்பாகப் பொருந்தும். ஆழ்ந்த ஊதா வேண்டுமென்றால் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்குக் கொடுங்கள். அறைக்குள் நுழையும்போது அது கண்ணை நிறைக்கும், படுத்த பிறகு பார்வையில் படாது. எதிர்ச்சுவரும் கூரையும் வெளிறியிருந்தால் காலையில் கண்விழிக்கும்போது அறை கனமாகத் தெரியாது.

கூடத்தில் மாலையிலும் இரவிலும்தான் கூட்டம் சேரும், ஆகவே விளக்கொளியில் அழகாக இருக்கும் ஊதாவுக்கே முதலிடம். தொலைக்காட்சி மாட்டியிருக்கும் சுவரில் அழுத்தமான ஊதா வேண்டாம். திரையைச் சுற்றி நிறம் இருந்தால் படத்தின் நிறங்களைக் கண் எதிர்ப்பக்கமாகத் திரித்துக் காணும். அங்கே சாம்பலுக்கு நெருங்கிய, பளபளப்பில்லாத மேட் ஊதா, திரையைச் சுற்றியுள்ள பளபளப்பையும் குறைக்கும்.

குழந்தைகள் பளிச்சென்ற வயலட்டையே கேட்பார்கள். ஒரு சுவரை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அதே வரிசையின் வெளிறிய கட்டத்தில் வைப்பது இரு தரப்புக்கும் நியாயமான வழி. துடைத்துக் கழுவக்கூடிய எமல்ஷன் அங்கே கட்டாயம்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் காணொளி அழைப்புக்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பின்னால் முழுவதும் ஊதா இருந்தால் கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யப் பார்க்கும். அதில் முகம் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரிவதுண்டு. முதுகுக்குப் பின்னால் சாம்பல் கூடியதை வைத்துவிட்டு, நீங்கள் பார்த்து உட்காரும் சுவரில் பிடித்த ஊதாவை வையுங்கள்.

குளியலறைக் கண்ணாடிக்கும் இதே எச்சரிக்கை. கண்ணாடியின் எதிரேயும் பக்கத்திலும் உள்ள சுவர்களிலிருந்து வரும் ஒளிதான் முகத்தில் விழும், அங்கே அழுத்தமான ஊதா வேண்டாம். சமையலறையிலும் மேடைக்கு மேலுள்ள சுவரை வெளிறியதாக விடுங்கள். நிறம் பார்த்து வேலை செய்யும் இடம் அது. நடைவழி, படிக்கட்டு, முன்வாசல் அறை ஆகியவை துணிச்சலுக்கு ஏற்ற இடங்கள். அங்கே யாரும் நெடுநேரம் உட்காருவதில்லை.

கூரையும் சட்டங்களும்

ஊதாச் சுவருக்கு மேல் கிரீம் கலந்த வெள்ளை வைத்தால், எதிர்நிறம் என்பதால் அந்தக் கிரீம் இன்னும் மஞ்சளாகி, பழுத்த தாள் போலத் தெரியும். தூய வெள்ளை வைத்தால் எல்லைக்கோடு கூர்மையாக நிற்கும். உயரமான கூரைக்கு அது அழகு, தாழ்ந்த கூரைக்கு அல்ல.

எனக்குப் பிடித்த தீர்வு வேறு. சுவருக்கு எடுத்த ஷேடின் கலர் கோடை, அதாவது கார்டில் உள்ள அதன் எண்ணை, கடையில் கொடுத்து, அதே கலவையில் நிறத்தை மட்டும் கால் பங்காகக் குறைத்து வெள்ளைப் பேஸில் (நிறம் சேர்க்கும் முன் உள்ள அடிப்படைப் பெயின்ட்டில்) கலக்கச் சொல்லுங்கள். கடையில் நிறம் கலக்கும் டிண்டிங் மெஷினில் இது சாத்தியம்தான். நடுத்தர ஊதாவுக்கு இது மிக நன்றாக வரும். கூரை வெள்ளையாகவே தோன்றும், ஆனால் சுவரோடு உறவுள்ள வெள்ளையாக இருக்கும். மிக ஆழ்ந்த ஊதாவின் கால் பங்கு அவ்வளவு வெளிறாது. அங்கே வரிசையின் மேல்முனையில் உள்ள கட்டத்தை நேரடியாகக் கேளுங்கள்.

ஃபினிஷ், பேஸ், பிரைமர்

பளபளப்பு கூடக் கூட ஊதா அடர்ந்து தெரியும், சுவரின் மேடுபள்ளமும் கூடவே தெரியும். பட்டி பார்த்து நன்றாகத் தேய்த்த சுவர் அல்ல என்றால் மேட் அல்லது லேசான பளபளப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: ஆழ்ந்த மேட் ஊதாவில் கை உரசினால், நகம் பட்டால் வெளிறிய தடம் விழும், துடைத்த இடம் பளபளக்கும். ஆள் உரசிப் போகும் நடைவழியில் மிதமான பளபளப்புள்ள சாட்டின்தான் தாங்கும்.

வெளிறிய நிறங்கள் வெள்ளைப் பேஸில் கலக்கப்படுகின்றன. அதில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடுதான் பழைய சுவரை மறைக்கிறது. ஆழ்ந்த ஊதாவைக் கலப்பது அந்த வெள்ளை நிறமி மிகக் குறைவாக உள்ள பேஸில். ஆகவே அது அரைகுறையாக ஒளி ஊடுருவும். வெள்ளைப் பிரைமருக்கு மேல் ஆழ்ந்த ஊதாவை அடித்தால் இரண்டு கோட்டுக்குப் பிறகும் திட்டுத்திட்டாக நிற்பது இதனால்தான். பிரைமரையே நடுத்தரச் சாம்பல் நிறத்தில் கலந்து வாங்கி ஒரு கோட் அடித்துவிட்டால், மேலே இரண்டோ மூன்றோ கோட்டில் நிறம் முழுமையாகும்.

புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர் கடுமையான காரத்தன்மை கொண்டது. குறைந்தது 28 நாள் காயவிடாமல் அடித்தால் அந்தக் காரம் நிறத்தைத் திட்டாக வெளுக்கச் செய்யலாம். பழைய சுவரில் உப்பு பூத்திருந்தால், ஈரத்தின் மூலத்தைச் சரிசெய்யாமல் அடிக்கவே கூடாது. ஊதாவின் மேல் வெள்ளை உப்பு தெரிவதுபோல் வேறு எதிலும் அவ்வளவு அசிங்கமாகத் தெரியாது. ஈரம் இருக்கிறதா என்று சந்தேகமென்றால் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

எவ்வளவு வாங்குவது?

12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. கதவையும் ஒரு ஜன்னலையும் கழித்தால் சுமார் 400. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சதுர அடி போகும். இரண்டு கோட்டுக்கு ஏழெட்டு லிட்டர். ஆழ்ந்த ஊதா மூன்று கோட் கேட்டால் பதினொன்று. டப்பாவில் எழுதியிருக்கும் அளவோடு ஒருமுறை சரிபாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள். ஒரே கலர் கோடாக இருந்தாலும் இன்னொரு நாள் கலந்தது இம்மியளவு மாறலாம், ஊதாவில் அந்த இம்மி கண்ணுக்குப் படும். அடிக்கும் முன் எல்லா டப்பாக்களையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்துகொண்டால் சுவரின் நடுவில் நிறம் மாறும் அபாயமே இல்லை.

அடிக்கும்போது

ஓரங்களையும் மூலைகளையும் பிரஷால் அடித்து, அது முழுக்கக் காய்ந்த பிறகு நடுவே ரோலர் போட்டால், படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் ஓரமெங்கும் அடர்ந்த கரை நிற்கும். ஒரு சுவரின் ஓரத்தை அடித்ததும் ஈரம் காயும் முன்பே அந்தச் சுவருக்கு ரோலர் போட வேண்டும். சுவரின் நடுவில் இடைவேளை விடக்கூடாது, மூலையில் நிறுத்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் ஓரம் சட்டென்று காயாது, வாடையும் தேங்காது. தண்ணீர் கலக்கும் அளவை டப்பாவில் உள்ளபடி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடினாலும் ஆழ்ந்த ஊதா வழியும், மறைக்கும் சக்தியும் போய்விடும். முதல் கோட் காய்ந்ததும் சுவர் மோசமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து ஷேடை மாற்றக் கிளம்பாதீர்கள்.

வெயிலும் ஊதாவும்

மனிதர்கள் நிலைக்கும் ஊதாவுக்காகப் பட்ட பாடு நீண்டது. பழங்காலத்து மத்தியதரைக் கடல் ஊதா, கடல் நத்தைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1909இல் வேதியியலாளர் பால் ஃபிரீட்லேண்டர் அதன் வேதி அமைப்பை அறிவதற்காக 12,000 நத்தைகளை எடுத்தார், கிடைத்த சாயம் 1.4 கிராம். அதற்கு முன்பே, 1856இல், குயினைன் தயாரிக்க முயன்ற 18 வயது வில்லியம் ஹென்றி பெர்கினுக்குத் தற்செயலாக மோவ் நிறச் சாயம் கிடைத்தது. ஊதா எல்லோருக்கும் எட்டும் நிறமானது அதன் பிறகுதான்.

இன்றைய சுவர்ப் பெயின்ட்டுகளில் ஊதாவுக்குப் பரவலாகப் பயன்படும் நிறமி டைஆக்சசின் வயலட். நிறமிப் பட்டியலில் பிவி 23 என்று குறிப்பார்கள். அடர்ந்த நிலையில் நன்றாகத் தாங்கும் நிறமி இது. வெள்ளையில் மிகச் சிறிதளவு கலந்து வெளிறிய லாவெண்டராக்கும்போது அந்தத் தாங்குசக்தி குறைகிறது. தினமும் பல மணி நேரம் வெயில் நேரடியாக விழும் சுவர் என்றால் கடையில் கலவையில் என்னென்ன நிறமிகள் போகின்றன என்று கேளுங்கள். குயினாக்ரிடோன், இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகளைக் கொண்டு உருவாகும் சிவப்புச் சாய்வுள்ள, சாம்பல் கூடிய மோவ் அங்கே நீண்டநாள் நிற்கும். அல்லது ஜன்னலுக்குத் திரை போடுங்கள். படம் மாட்டிய இடம் மட்டும் புதிதாகவும் சுற்றியுள்ளது வெளுத்தும் போவது வெயில் சுவரில்தான் நடக்கும்.

மிச்சத்தை வைக்கும் முறை

மீந்த பெயின்ட்டைச் சிறிய, நிறைந்து நிற்கும் டப்பாவுக்கு மாற்றிக் காற்று புகாமல் மூடி, நிழலில் வையுங்கள். மூடியில் கலர் கோடு, பேஸின் பெயர், ஃபினிஷ், அடித்த அறை, தேதி ஆகியவற்றை எழுதுங்கள். கடையில் ஒட்டிய கலவைச் சீட்டைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்; அந்தத் தாள் சீக்கிரம் மங்கிவிடும். ஆழ்ந்த ஊதாச் சுவரில் ஒரு கீறலை மறைக்க அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் திட்டு தெரியும். சிறிய பஞ்சு ரோலரால் மெல்லியதாகப் போட்டுப் பாருங்கள். அதிலும் தெரிந்தால், ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை அந்தச் சுவருக்கு மட்டும் ஒரு கோட் அடிப்பதுதான் சரியான வழி. அதற்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் கையிருப்பு போதும்.